கடவுள் துணையா? மனிதர் துணையா?

"எதிர்ப்பு வந்த காலத்தில் மனிதர் பலத்தை நம்பாதே, கடவுளை நம்பு. மனிதன் கைவிடுவான், கடவுள் கைவிடமாட்டார்" என்கின்ற உபதேசம் நமது நாட்டில் எல்லா மதக்காரர்களாலும் ஒரே குரலில் செய்யப்பட்டு வருகின்றது. மற்ற விஷயங்களில் எல்லாம் என் கடவுள் பெரிதா, உன் கடவுள் பெரிதா என்று மண்டையை உடைத்துக் கொள்ளுகின்ற மதக்காரர்கள், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் கூடப் பிறந்த அண்ணன் தம்பிகளைப் போல் ஒத்துப் போகின்றார்கள்.

சைவரைக் கேட்டால், பல்லவ ராஜா அப்பரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து கரை சேர்ந்தார் என்கின்றார். வைணவரைக் கேட்டால், பெற்ற தகப்பனே கொல்லப் பார்த்தும் பிரகலாதன் பிழைத்தான் என்கின்றார். கிறிஸ்தவப் போதகரைக் கேட்டால், ஆசா என்கின்ற யூதேயா தேசத்து ராஜா, எதிரி வந்தபோது கடவுளை நம்பாமல் சீரியா ராஜாவின் உதவியைத் தேடியதற்காகக் கண்டிக்கப்பட்டான் என்றும், பிறகு காலில் வியாதி கண்டபோதும் கடவுளைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்றும் அவனைக் குற்றவாளியாக்கிக் கதை சொல்லுகின்றார். வியாதி வந்தவன் வைத்தியரைத் தேடுவது ஒரு குற்றமாம்!

இந்த உபதேசம் மெய்யா பொய்யா என்று தர்க்கம் செய்வதற்கு முன்பு, இதைச் செய்கின்றவர்கள் யாராவது தங்கள் சொந்தக் காரியத்தில் இதன்படி நடக்கின்றார்களா என்பதை மாத்திரம் பார்ப்போம். வைத்தியரைத் தேடிய ஆசா ராஜாவைக் கண்டிக்கின்ற அதே மதத்தார்தான் வேலூரில் நாடே புகழும்படியான பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி நடத்துகின்றார்கள். அது நல்ல காரியம். அதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கட்டிலும் ஆசா ராஜா செய்தது சரி என்றல்லவா சாட்சி சொல்லுகின்றது? 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் கொரோனா என்னும் தொற்று வியாதி பரவியபோது கோயில், சர்ச்சு, மசூதி ஆகிய எல்லாவற்றின் கதவும் பக்தர்களுக்கு மூடப்பட்டது. ஜனங்களுக்குக் கடவுள் மிகவும் தேவைப்பட்ட அந்தச் சமயத்தில்தான் கடவுள்கள் கதவைச் சாத்திக் கொண்டு உள்ளே இருந்தார்கள். திறந்திருந்தது ஆஸ்பத்திரி. தெருவைக் கூட்டியவர் மனிதர். ஊசி மருந்தைக் கண்டுபிடித்தவர் மனிதர். அதைக் குத்திக் கொள்ள வரிசையில் நின்றவர்களில் குருக்களும் போதகரும் உண்டு. அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. அவர்கள் புத்தியோடுதான் நடந்து கொண்டார்கள். அந்தப் புத்தியை ஊராருக்கும் சொல்லக் கூடாதா என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, நமது அவிநாசிக்கே வருவோம். கடவுள் கைவிடமாட்டார் என்பதற்கு அத்தாட்சி காட்டுகின்றவர்கள் வேறு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை என்பார்கள். திருப்புக்கொளியூர் என்று பழைய பெயர் கொண்ட இந்த அவிநாசியில், குளிக்கப் போன ஒரு பார்ப்பனச் சிறுவனை முதலை விழுங்கிவிட்டதாம். சில வருஷங்கள் கழித்து இங்கு வந்த சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கலியாணமும் எதிர்வீட்டில் அழுகையுமாய் இருப்பதைக் கண்டு விசாரித்து, பதிகம் பாடினாராம். வற்றிக் கிடந்த மடுவில் தண்ணீர் வந்து, தண்ணீரில் முதலை வந்து, முதலை வாயிலிருந்து அந்தப் பிள்ளை, நடுவில் கழிந்த வருஷங்களுக்குரிய வளர்ச்சியோடு வெளியில் வந்தானாம். பங்குனி உத்திரத்திலும் தேர்த் திருவிழாவிலும் இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாத பக்தர் இல்லை.

செத்த பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கத்தக்க இந்தச் சக்தி, தன்னுடைய வீட்டைக் காத்துக் கொள்ளவாவது உதவிற்றா? 2023-ம் வருஷம் மே மாதத்தில் இதே கோயிலுக்குள் இரவில் ஓர் ஆசாமி புகுந்து, நாயன்மார் 63 பேர் சிலைகள் இருக்கும் இடத்தைச் சேதப்படுத்தினான். அந்த 63 பேரில், முதலை வாயிலிருந்து பிள்ளையை வரவழைத்ததாகச் சொல்லப்படும் சுந்தரரும் ஒருவர். காலையில் கோயில் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? இன்னொரு பதிகம் பாடினார்களா? இல்லை. போலீசாரைக் கூப்பிட்டார்கள். போலீசார் வந்து ஆளைப் பிடித்தார்கள். ஆகவே தன் வீட்டுக்கு எதிர்ப்பு வந்த காலத்தில் கடவுளே மனிதர் துணையைத்தான் நம்ப வேண்டியிருந்தது என்பது வெளிப்படை. உண்டியலுக்குப் பூட்டு, வாசலுக்குக் காவல்காரன், மூலைக்கு மூலை காமிரா என்று வைத்துக் கொண்டு, பாமர மக்களைப் பார்த்து "மனிதர் பலத்தை நம்பாதே" என்று சொல்லுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இனித் தண்ணீர் விஷயத்தைப் பார்ப்போம். முதலைக்காகக் குளத்தை நிரப்பிய கடவுள் குடியானவனுக்காக நிரப்பினாரா? அவிநாசி, அன்னூர், பெருந்துறை, நம்பியூர்ப் பக்கங்களில் உள்ள குளம் குட்டைகள் எத்தனை தலைமுறையாக வறண்டு கிடந்தன என்பதும், ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புகையும் மண்ணும் வந்தது என்பதும் இந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். கழுதைக்குக் கலியாணம் செய்தார்கள். 2019-ம் வருஷத்தில் அறநிலையத் துறையே கோயில்களில் வருண ஜெபம் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பிற்று. அந்த வருஷம் ஜூலை மாதத்தில் சென்னைப் பட்டணத்தின் தாகத்தைத் தீர்த்தது எது? ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றிக் கொண்டு போன ரயில் வண்டி. ஜெபத்துக்கு உத்தரவு போட்ட அதே சர்க்கார்தான் ரயிலுக்கும் ஏற்பாடு செய்தது. இரண்டில் எதை அவர்கள் மெய்யாய் நம்பினார்கள் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

பவானி ஆற்றில் மிஞ்சிப் போகும் வெள்ளத் தண்ணீரை நமது வட்டாரத்துக்குத் திருப்ப வேண்டும் என்கின்ற கோரிக்கை, காமராசர் முதல் மந்திரியாக இருந்த காலந்தொட்டு நடந்து வந்ததாகும். மனுக் கொடுத்தார்கள், மாநாடு கூட்டினார்கள், ஊர்வலம் போனார்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்க வந்தவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். 2016-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-ம் வருஷம் பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரித் தண்ணீரில் வருஷத்துக்கு 1½ ஆயிரம் மில்லியன் கன அடியை, 6 இடங்களில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாய்களின் வழியாய்க் கொண்டு வந்து, ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லாக்களில் உள்ள 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது இந்தத் திட்டம். 24,468 ஏக்கருக்குப் பாசனப் பயன். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல்.

புராணத்துக் கடவுள் நிரப்பியது ஒரு மடு. அதுவும் ஒரு முதலைக்காக. மனிதர்கள் நிரப்ப ஏற்பாடு செய்தது 1,045 குளங்கள். அது எல்லா ஜாதியாரின் கிணற்றுக்குமாக. இதில் எதற்குத் தேர் இழுப்பது நியாயம் என்று நாம் கேட்கின்றோம். அந்தக் குழாயைப் பற்ற வைத்த தொழிலாளிக்கும் மேட்டைக் கணக்கிட்ட எஞ்சினீருக்கும் உண்ணாவிரதப் பந்தலில் சுருண்டு கிடந்த குடியானவனுக்கும் எந்த ஊரிலாவது பரிவட்டம் கட்டினார்களா? தண்ணீர் வந்த அன்று குளக்கரையில் கற்பூரம் கொளுத்தி, "எல்லாம் அவன் செயல்" என்று சொன்னவர்களைத்தான் பார்க்கின்றோம். அவன் செயலென்றால், அறுபது வருஷம் தண்ணீர் வராமல் இருந்ததும் அவன் செயல்தானே? அதற்காக அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

தண்ணீர்க் கஷ்டத்தைவிடக் கொடியது ஒன்றுண்டு. அது மனிதனை மனிதன் எதிர்ப்பது. அதில் கடவுள் எந்தப் பக்கம் நிற்கின்றார் என்று பார்ப்போம். 2018-ம் வருஷம் ஜூலை மாதத்தில், அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைக்க ஓர் அம்மையார் மாற்றலாகி வந்தார். அவர் அந்த ஊர்க்காரரே. வருஷக் கணக்காய்ச் சமைத்துப் பழகிய கைதான் அது. ஆனால் அவர் அருந்ததியர் வகுப்பில் பிறந்தவர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று, தங்களை மேல்ஜாதி என்று எண்ணிக் கொண்டிருக்கின்றவர்கள் கூடி நின்று தகராறு செய்தார்கள். அவர்களுக்குப் பயந்து அதிகாரி ஒருவர் அந்த அம்மையாரையே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றி உத்தரவு போட்டார். குற்றம் செய்தவர்கள் ஊரில் இருக்க, குற்றம் செய்யாதவர் ஊரை விட்டுப் போவதுதான் நமது நாட்டு ஜாதி தர்மம்!

அந்தச் சமயத்தில் அந்த அம்மையார் "கடவுள் பார்த்துக் கொள்ளுவார்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாற்றல் உத்தரவு நிலைத்திருக்கும். அடுத்த ஊரிலும் அதே தைரியம் பிறந்திருக்கும். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டிலேயே ஜாதியைக் கற்றுக் கொண்டிருப்பார்கள். அவர் உட்காரவில்லை. புகார் கொடுத்தார். தீண்டாமையை எதிர்க்கும் இயக்கத்தார் பக்கத்தில் வந்து நின்றார்கள், மறியல் செய்தார்கள். மேலதிகாரி தலையிட்டு மாற்றலை ரத்து செய்து, அதே பள்ளிக்கூடத்து அடுப்படிக்கு அவரைத் திரும்ப அனுப்பினார். சேவூர்ப் போலீசார் 87 பேர் பேரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிந்தார்கள். வழக்கு ஏழு வருஷங்களுக்கு மேல் நடந்தது. 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் திருப்பூர் விசேஷக் கோர்ட்டு 6 பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை விதித்தது. மற்றவர்களில் பலர் விடுதலையானார்கள். நியாயம் முழுவதும் கிடைத்துவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை. கிடைத்த அளவும் எங்கிருந்து கிடைத்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகின்றோம். அது கருவறையிலிருந்து வந்ததா, அல்லது அம்பேத்கரும் அவரைப் போன்றவர்களும் பாடுபட்டு எழுதி வைத்த சட்டத்திலிருந்து வந்ததா?

இதே மாதிரியான வழக்கு ஒன்று முன்னொரு காலத்தில் கடவுளிடமே நேரில் போனதாகப் பெரிய புராணம் சொல்லுகின்றது. நந்தன் என்கின்ற பறையர் வகுப்புத் தொழிலாளி தில்லைக்குப் போக ஆசைப்பட்டார். ஜாதி குறுக்கே நின்றது. கடவுள் என்ன தீர்ப்புச் சொன்னார்? குறுக்கே நின்ற ஜாதியை அகற்றினாரா? தடுத்த சட்டத்தை மாற்றினாரா? நந்தனைத் தீயில் இறங்கச் சொன்னார். தீயில் வெந்து, பூணூல் போட்ட முனிவராய் எழுந்து, பார்ப்பன வேஷத்தோடு உள்ளே போகச் சொன்னார். எதிர்க்கப்பட்டவனைத் தீயிலிட்டு, எதிர்த்தவனைத் தீபாராதனைக்கு நிறுத்திய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பையும், ஏழு வருஷம் இழுத்தடித்த திருப்பூர்க் கோர்ட்டுத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு குறையுள்ளதானாலும் மனிதர் தீர்ப்பு அந்த அம்மையாரை அவராகவே அடுப்படிக்குத் திரும்ப அனுப்பிற்று. கடவுள் தீர்ப்பு நந்தனை நந்தனாக உள்ளே விடவில்லை.

ஏழைகள்தான் இப்படிக் கடவுளை நம்பிக் கெடுகின்றார்கள் என்றில்லை. ஆதிக்கக்காரர்கள் ஒரு தடவை மெய்யாகவே கடவுள் பலத்தைப் பரீட்சித்துப் பார்த்ததும் உண்டு. 1924-ம் வருஷம் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு தடவை சிறைப்பட்டார். அவர் சிறையிலிருந்த காலத்தில் வைதிகர்கள் எதிரிகளை அழிப்பதற்காகச் சத்ரு சம்ஹார யாகம் என்று ஒரு பெரிய யாகம் செய்ததாகவும், அந்தச் சமயத்தில் திருவிதாங்கூர் ராஜாவே காலமாகிவிட்டதாகவும், அதன் பேரில் தம்மை விடுதலை செய்ததாகவும் பெரியார் பின்னாளில் பல கூட்டங்களில் சொல்லியிருக்கின்றார். யாகத்தினால்தான் ராஜா செத்தார் என்று நாம் சொல்லமாட்டோம். சொன்னால் யாகக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். யாகத்துக்கு ராஜாவைக் கொல்லவும் சக்தியில்லை, சத்தியாக்கிரகியைக் கொல்லவும் சக்தியில்லை என்பதே நாம் சொல்லுவது. தெருவைத் திறந்தது எது? வெய்யிலிலும் வெள்ளத்திலும் நின்ற ஆண்களும் பெண்களும். 1925-ம் வருஷம் நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்துவிடப்பட்டன. 1936-ம் வருஷம் அந்த ராஜ்யத்தில் கோயில்களே திறந்துவிடப்பட்டன.

திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 1984-ம் வருஷத்தில் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுப்பில் பூனை படுத்த அந்த நாட்களில், முதலாளிகளும் தொழிலாளிகளும் ஒரே கோயிலுக்குத்தான் போனார்கள். இரண்டு பேர் கொடுத்த கற்பூரமும் ஒன்றாகத்தான் எரிந்தது. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் தொழிலாளிக்காகப் பேசியது அவனுடைய சங்கம். 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி முதல் அமெரிக்கா நமது சரக்குகளின் மேல் 50 சதவிகிதம் வரி போட்டபோது, பனியன் ஏற்றுமதி முதலாளிகள் என்ன செய்தார்கள்? அவிநாசியப்பரிடம் மனுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்களா? டில்லி மந்திரிகளிடம் முறையிட்டார்கள். வேறு தேசத்துச் சந்தைகளைத் தேடினார்கள். அது அவர்கள் சாமர்த்தியம். பணமுள்ளவன் கஷ்டத்தில் மனிதர் துணையைத் தேடினால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். பணமில்லாதவன் சங்கத்தைத் தேடினால் அதற்கு அகங்காரம், நாஸ்திகம் என்று பெயர்! இதிலிருந்து இந்த உபதேசம் யாருக்காக உண்டாக்கப்பட்டது என்பது விளங்கவில்லையா?

இதற்கு நமது பக்தர்கள் இரண்டு சமாதானம் சொல்லுவார்கள். ஒன்று, "மனிதன் கைவிட்டுவிடுகின்றானே" என்பது. மெய்தான். மந்திரி வாக்குத் தவறுகின்றான், அதிகாரி பயப்படுகின்றான், சாட்சி பல்டி அடிக்கின்றான், சங்கத் தலைவன் விலை போவதும் உண்டு. ஆனால் கைவிட்ட மனிதனை நாம் கேள்வி கேட்கலாம். மந்திரியை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம், அதிகாரியின் உத்தரவை மேலதிகாரியிடம் ரத்து செய்விக்கலாம், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் பேரில் மேல்கோர்ட்டுக்குப் போகலாம், தலைவனை மாற்றலாம். கைவிட்ட கடவுளின் பேரில் அப்பீல் எந்தக் கோர்ட்டில் செய்வது? மழை பெய்யாவிட்டால் உன் பக்தி போதாது என்பார். பிள்ளை செத்தால் பூர்வ ஜன்மப் பாவம் என்பார். கேள்வி கேட்க முடியாத துணை துணையே அல்ல. அதற்கு எஜமானத்தனம் என்று பெயர்.

மற்றொன்று, "கடவுளை நம்பினால் மனதுக்குத் தைரியமாவது கிடைக்கின்றதே" என்பது. அப்படித் தைரியம் அடைகின்ற ஏழையைப் பரிகாசம் செய்ய நமக்கு மனம் வராது. தூக்க ஆளில்லாதவன்தான் ஆகாயத்தைப் பார்க்கின்றான். ஆனால் அவனுக்கு ஆகாயத்தைக் காட்டிவிட்டு நாம் நகர்ந்து போவது அயோக்கியத்தனமாகும். திருமலைக்கவுண்டன்பாளையத்து அம்மையாருக்குத் தைரியம் கொடுத்தது பக்கத்தில் வந்து நின்ற பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் இல்லாத ஊர்களில்தான் கடவுளுக்குக் கிராக்கி அதிகம். ஆகவே ஒருவன் கடவுளை நம்பித் தீரவேண்டியிருக்கின்றதென்றால், அது அவனுடைய குற்றமல்ல. பக்கத்தில் போய் நிற்காத நம்முடைய குற்றமேயாகும்.

ஆகையால் தோழர்களே, நாம் கேட்டுக் கொள்ளுவதெல்லாம் இதுதான். உங்கள் ஊரில் யாருக்காவது எதிர்ப்பு வந்தால், டீக்கடையிலோ, பனியன் கம்பெனியிலோ, பள்ளிக்கூடத்துச் சமையலறையிலோ, குளத்து மடையிலோ எங்கே வந்தாலும், அவரிடம் போய் "கடவுள் இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் புகார் எழுதிக் கொடுங்கள்; போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போங்கள்; வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் நில்லுங்கள். ஏழு வருஷம் ஆனாலும் நில்லுங்கள். மனிதன் கைவிடுவான் என்கின்ற பழிச் சொல்லுக்கு அதுவே சரியான பதிலாகும்.